பார்த்த வீடும் வாங்கிய வீடும்



ஃப்ளாட் வாங்கும் முன் நீங்கள் பார்த்த மாடல் ஃப்ளாட்டைக் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். படுக்கையில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடாத தட்டுகள், பிள்ளைகள் அறையில் ஒரு கரடி பொம்மை. சமையலறையில் குக்கர், கிரைண்டர், எண்ணெய்த் தூக்கு எதுவும் இருக்காது. கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை ஆப்பிள்கள் இருக்கும், அதுவும் பிளாஸ்டிக். இரண்டு மூன்று வருடம் கழித்துச் சாவி கைக்கு வந்து சொந்தக் கதவைத் திறந்தபோது, அதே சதுர அடி என்று சொல்லப்பட்ட ஹால் ஏனோ சின்னதாகத் தெரிந்திருக்கும்.

ஹால் சுருங்கவில்லை. மாடல் ஃப்ளாட்டில் இருந்த கட்டில் வழக்கமான அளவைவிடச் சிறியதாக இருந்திருக்கலாம். அறைக்கதவுகளைக் கழற்றி வைத்திருக்கலாம். இரண்டு அறைக்கு நடுவே செங்கல் சுவர் வரவேண்டிய இடத்தில் கண்ணாடியோ மெல்லிய பலகையோ நின்றிருக்கலாம். பீரோ நிச்சயம் இருந்திருக்காது. நம் வீடுகளில் பீரோ இல்லாத படுக்கையறை ஏது? தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைகள் இவை.

விற்பதற்காக வீட்டைச் சோடித்துக் காட்டும் பழக்கத்துக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. ஆனால் அது கடைசியில் நம் நாட்டுச் சட்டம் ஒன்றில் இரண்டு வார்த்தைகளாக வந்து நிற்கிறது. அந்த இரண்டு வார்த்தைகள் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது என்பதால் இந்த இதழில் அதை எழுதுகிறேன்.

லண்டனில் தொடங்கலாம். 1908-இல் டெய்லி மெயில் நாளிதழ் ஒலிம்பியா அரங்கில் ‘ஐடியல் ஹோம்’ கண்காட்சியை முதன்முறையாக நடத்தியது. பத்திரிகைக்கு விளம்பரம் சேர்க்கும் யோசனைதான். ஆனால், மற்றவர் வீட்டுக்குள் நுழைந்து அறை அறையாகப் பார்ப்பதற்கு மக்கள் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்பது அங்கே நன்றாகத் தெரிந்துபோனது. நம்மூர்ப் பொருட்காட்சிக்குப் போய் வந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு அரசாங்கமே துணை நின்றது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு அங்கே வீட்டுத் தட்டுப்பாடு. சொந்த வீடு வைத்திருப்பவனே நல்ல குடிமகன் என்ற பிரசாரம் வலுத்தது. 1922-இல் ‘தி டெலினியேட்டர்’ என்ற பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் மேரி மெலோனி, ‘பெட்டர் ஹோம்ஸ் இன் அமெரிக்கா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர், அதற்குப் பக்கபலமாக நின்றார். ஊருக்கு ஊர் ஒரு கமிட்டி. ஒரு வீட்டை எடுத்து, மேஜை நாற்காலி திரைச்சீலை போட்டு, சமையலறையைச் சீராக்கி, ஒரு வாரம் ஊர் மக்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

1923 ஜூன் மாதம் தலைநகர் வாஷிங்டனில் அப்படி ஒரு வீட்டை ஜனாதிபதி ஹார்டிங்கே திறந்துவைத்தார். ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ பாட்டை எழுதிய ஜான் ஹோவர்ட் பெய்னின் பெயரோடு பேசப்படும் பழைய கிராமத்து வீட்டின் நகல் அது. வெளியே பழமை, உள்ளே நவீன சமையலறை. சொந்த வீட்டின் சுகத்தைப் பாடிய அந்தப் பெய்ன், அமெரிக்கத் தூதரக அதிகாரியாக ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரத்தில் இருந்தபோது அங்கேயே செத்துப்போனார் என்பது தனிக் கதை.

இந்தக் காட்சி வீடுகளின் நோக்கம் அந்த ஒரு வீட்டை விற்பது இல்லை. வீட்டுக்கான ஆசையை விற்பது. மரக்கடை, தளவாடக் கடை, அடுப்பு விற்பவர், கடன் கொடுப்பவர் எல்லோருக்கும் அந்த ஆசையால் லாபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆசையைத் தொழிற்சாலைச் சரக்காக மாற்றியவர் வில்லியம் லெவிட். இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் திரும்பி வந்த காலம். கல்யாணம் ஆகியும் மாமனார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். லெவிட் குடும்பத்து நிறுவனம் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கியது. கார் தொழிற்சாலையில் கார்கள் நகர்ந்து வரும், தொழிலாளி நின்ற இடத்தில் நிற்பான். இங்கே வீடுகள் நின்றன, தொழிலாளிகள் நகர்ந்தார்கள். ஒரு குழு கான்கிரீட் தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னாலேயே சட்டம் அடிக்கும் குழு, அதன் பின்னால் வண்ணம் அடிக்கும் குழு. 1947-இல் தொடங்கி 1951-க்குள் 17,447 வீடுகள் எழுந்தன. ஊருக்கே லெவிட்டவுன் என்று பெயர்.

முதலில் கட்டிய வீடுகளை வாடகைக்குத்தான் விட்டார்கள். 1949 மார்ச்சில் புது மாடல் வீட்டை விலைக்குக் கொண்டுவந்தார்கள். விலை 7,990 டாலர். நாள் கணக்காக முன்னதாகவே வந்து மக்கள் குளிரில் வரிசையில் காத்திருந்தார்கள். ஒரே நாளில் 1,400 ஒப்பந்தங்கள் முடிந்ததாக அப்போதைய பத்திரிகைகள் எழுதின. அவர்கள் யாரும் தாங்கள் குடியேறப்போகும் வீட்டைப் பார்த்து வாங்கவில்லை. அது இன்னும் எழும்பியே இருக்காது. அவர்கள் பார்த்தது ஒரே ஒரு மாதிரி. அதைப் பார்த்து, இதே போல எனக்கும் ஒன்று என்று கையெழுத்துப் போட்டார்கள். நீங்களும் நானும் அப்படித்தான் வாங்கினோம்.

லெவிட் கெட்டிக்காரர். சமையலறையில் குளிர்பெட்டி, அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் விலைக்குள்ளேயே சேர்த்தார். 1950-ஆம் வருட மாடலில் மாடிப்படியின் பக்கச் சுவருக்குள்ளேயே ஒரு டிவியைப் பதித்துக் கொடுத்தார். டிவி என்பதே அதிசயமாக இருந்த காலம் அது. ‘பார்த்தது எல்லாம் உனக்கே’ என்பது அவருடைய பெரிய பலம். இன்று ‘மாடுலர் கிச்சன் இலவசம்’ என்று விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்கு லெவிட்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆனால் அந்த மாதிரி வீடு எல்லோருக்குமானது இல்லை. லெவிட்டவுன் முதல் வாடகை ஒப்பந்தங்களில் ஒரு விதி இருந்தது: வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரையும் அந்த வீட்டில் குடிவைக்கக் கூடாது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட விதிகளை அமல்படுத்தித் தரக் கூடாது என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. காகிதத்திலிருந்து விதி போனது, பழக்கம் போகவில்லை. 1958-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் லெவிட் மூன்றாவது ஊரைத் திறந்தபோது, வீடு வாங்க வந்த ஒரு கறுப்பின ராணுவ அதிகாரிக்கு விற்க மறுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு கட்டித்தான் இந்த நிறுவனம் பெயர் வாங்கியது. அந்த மனிதர் விடவில்லை. அரசின் கடன் உத்தரவாதத்தோடு கட்டும் வீட்டில் பாகுபாடு பார்க்க முடியாது என்ற மாநிலச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கு நடந்தது. 1960-இல் லெவிட் தோற்றார். நம் ஊரில் ‘வெஜிடேரியன் மட்டும்’ என்றும், இன்னும் சொல்லத் தயங்கும் வேறு நிபந்தனைகளோடும் வீடு காட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கலாம்.

அதே நியூ ஜெர்சி லெவிட்டவுனிலிருந்து இன்னொரு வழக்கு வந்தது. நமக்கு முக்கியமானது அதுதான்.

லெவிட்டிடம் வாங்கிய ஒரு வீட்டில் வேறொரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டில் வெந்நீர், வீட்டைச் சூடேற்றும் கொதிகலனிலிருந்து நேராகக் குழாய்க்கு வரும். குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் சிறிய வால்வு ஒன்று அதில் வைக்கப்படவில்லை. விலை சில டாலர்தான். 1960-இல் ஒரு நாள், ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தை குளியலறைக் குழாயைத் திருகியது. உடம்பெல்லாம் வெந்துபோனது.

குடும்பம் வழக்குப் போட்டது. அதுவரை வீடு விற்பவருக்குச் சாதகமாக ஒரு பழைய கோட்பாடு இருந்தது: வாங்குபவன்தான் பார்த்து வாங்க வேண்டும், பத்திரம் பதிவான பிறகு விற்றவனுக்குப் பொறுப்பு இல்லை. பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து வாங்கிய காலத்துக்கு அது ஓரளவு நியாயம். கட்டாத வீட்டின் சுவரை எப்படித் தட்டிப் பார்ப்பது? 1965-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. ஆயிரக்கணக்கில் வீடு செய்து விற்பவருக்கும் ஆயிரக்கணக்கில் கார் செய்து விற்பவருக்கும் என்ன வித்தியாசம் என்றது. விளம்பரம் செய்த மாதிரி வீட்டைப் பார்த்து ஒருவர் வாங்கும்போது, கட்டுபவரின் திறமையை நம்பித்தான் வாங்குகிறார். ஒழுங்காகக் கட்டித் தருவேன், குடியிருக்கத் தகுதியாக இருக்கும் என்று கட்டுபவர் வாயால் சொல்லாவிட்டாலும் அந்த மாதிரி வீடே சொல்கிறது என்று தீர்ப்பு எழுதி, கீழ் நீதிமன்றம் தள்ளிய வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது.

மாதிரி வீடு வெறும் அலங்காரம் இல்லை, அது ஒரு வாக்கு. 1922-இலிருந்து எத்தனையோ லட்சம் பேர் அப்படி நம்பித்தான் அந்த வீடுகளுக்குள் நடந்துபோனார்கள். ஒரு நீதிமன்றம் அதை எழுதிவைக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒரு குழந்தை வெந்துபோக வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே மாதிரி வீடு உலக அரசியலுக்கும் போய்வந்தது. 1959-இல் மாஸ்கோவின் சோக்கோல்னிக்கி பூங்காவில் அமெரிக்கா கண்காட்சி நடத்தியது. லாங் ஐலண்டில் விற்கும் சாதாரண வீடு ஒன்றை அங்கே எழுப்பி, கூட்டம் நடந்துபோக வசதியாக நடுவில் இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். மேசிஸ் அங்காடியின் தளவாடங்கள் உள்ளே. இது அமெரிக்கத் தொழிலாளியின் வீடு என்று சொன்னார்கள். சோவியத் செய்தி நிறுவனம் டாஸ் நம்பவில்லை. இதை அமெரிக்கத் தொழிலாளியின் வீடு என்பது, பம்பாய் மில் தொழிலாளியின் வீடு என்று தாஜ்மகாலைக் காட்டுவது போல என்று கிண்டல் செய்தது. மாடல் ஃப்ளாட்டைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. அந்தக் கண்காட்சியின் சமையலறை ஒன்றில்தான் நிக்சனும் குருஷேவும் விரலை நீட்டிக்கொண்டு வாதம் செய்தார்கள். அந்தப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றை எடுத்த வில்லியம் சஃபையர், வீட்டைக் கட்டிய நிறுவனத்துக்காக வேலை பார்த்த விளம்பரதாரர்! பிறகு நிக்சனுக்கே உரை எழுதப் போனார்.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டி விற்பவர்கள் செய்தது. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டை விற்பவருக்கும் இந்த வித்தையைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் பார்ப் ஷ்வார்ஸ். சியாட்டில் பகுதியில் வீட்டுத் தரகராக இருந்த அவர், 1972-இல் இதற்கு ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பெயர் வைத்தார். ஸ்டேஜ் என்றால் மேடை. நாடகத்துக்கு மேடை போடுவது போல வீட்டுக்கு மேடை போடுவது. பாதிச் சாமான்களை எடுத்து மறைவாக வை, குடும்பப் படங்களைக் கழற்று, அழுத்தமான வண்ணத்தை மாற்றி வெளிர் நிறம் அடி, ஜன்னலைத் துடை, விளக்கைப் போடு. வருகிறவர் உங்கள் வாழ்க்கையைப் பார்க்கக் கூடாது, தன் வாழ்க்கையைக் கற்பனை செய்ய வேண்டும். அடுத்த முப்பது வருடத்தில் இது தனித் தொழிலாகவே ஆனது. வீட்டை விற்கத் தயார் செய்வதைக் காட்டும் டிவி நிகழ்ச்சிகள் 1998-இல் பிரிட்டனிலும் 2004-இல் அமெரிக்காவிலும் ஓடின.

நம் ஊருக்கு இதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் சரிவராது என்பது என் கருத்து. அமெரிக்காவில் சொந்த அடையாளம் எல்லாவற்றையும் அகற்றச் சொல்வார்கள். இங்கே பூஜை அலமாரியைக் காலி செய்துவிட்டு வீடு காட்டினால், ‘ஏன், இங்கே யாருக்கும் மனசு ஒட்டவில்லையா?’ என்று வந்தவர் யோசிப்பார். விளக்கு எரியும் வீடுதான் நம்மவர்களுக்கு நல்ல வீடு. மற்றபடி, லாஃப்டில் அடைத்து வைத்த பழைய மூட்டைகளை இறக்குவது, பால்கனியை அடைத்திருக்கும் துணிக்கொடியையும் ஓடாத சைக்கிளையும் அப்புறப்படுத்துவது, பியூஸ் போன பல்பை மாற்றுவது, சமையலறைக் குழாயின் சொட்டை நிறுத்துவது எல்லாம் எந்த ஊரிலும் செல்லும். புதிதாக வெள்ளையடித்தும் காட்டலாம். அதில் தப்பில்லை. வெள்ளையடிப்பது எதன் மேல் என்பதுதான் கேள்வி.

ஓதம் ஏறிய சுவரில் புட்டி பூசி வண்ணம் அடித்து, அதன் முன்னால் ஒரு அலமாரியை நிறுத்திவிட்டு வீடு விற்பவர் உண்டு. முதல் மழையில் புது உரிமையாளர் சங்க அலுவலகத்துக்கு வருவார், மேல் வீட்டுக்காரரோடு சண்டை தொடங்கும், மொட்டை மாடி யார் பொறுப்பு என்று கூட்டம் போடுவோம். இதற்கும் சட்டம் இருக்கிறது, புதிதும் இல்லை. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, சொத்தில் முக்கியமான குறை இருப்பது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர இதுதான் விதி. சொல்லாமல் மறைத்தால் அது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது. அலமாரி வைத்து மறைப்பவர்கள் கவனிக்க.

இனி நான் முதலில் சொன்ன இரண்டு வார்த்தைகள். 2016-இல் நாடாளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாம் ரெரா என்கிறோம். அதன் 12-ஆம் பிரிவு, அறிவிப்பிலோ விளம்பரத்திலோ சொன்ன தகவலை நம்பியோ, ‘மாடல் அபார்ட்மெண்ட்’டை நம்பியோ ஒருவர் முன்பணம் கொடுத்து, அதில் இருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால், கட்டுமான நிறுவனம் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. வேண்டாம் என்று விலக நினைத்தால், கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ‘மாடல் அபார்ட்மெண்ட்’ என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நியூ ஜெர்சி நீதிபதிகள் தீர்ப்பில் வாதாடிச் சொன்ன விஷயம் இங்கே நேராகவே சட்ட வாசகமாக இருக்கிறது.

சட்டத்தின் இந்தப் பகுதி 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே முடிந்து, பணி நிறைவுச் சான்றிதழும் வாங்கிவிட்ட கட்டடங்களுக்கு உதவாது. உங்கள் பிள்ளைகள் இப்போது பார்க்கப் போகும் ஃப்ளாட்டுக்கு உதவும். மாடல் ஃப்ளாட் வாசலில் ‘இங்குள்ள தளவாடங்கள் காட்சிக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் ஒரு பலகை இருக்கும். சோபாவைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது, நியாயமும் இல்லை. ஆனால் டைல்ஸ், கதவு, குழாய்ச் சாமான், அறையின் நீள அகலம் இவையெல்லாம் சோபா இல்லை. அவற்றைப் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரசுரத்தைக் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கட்டுமானக் குறை என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம்வரை தெரிவித்து, இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்கும் உரிமையும் இதே சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இருக்கிறது. அளவைப் பொறுத்தவரை ‘சூப்பர் பில்ட்-அப்’ கணக்கை விட்டுவிட்டு கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்க வேண்டும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராத, உள்ளே புழங்கும் இடத்தின் அளவு அது.

இப்போது மாதிரி வீட்டுக்குச் செங்கல்கூடத் தேவையில்லை. காலி அறையைப் படம் எடுத்து, கணினியில் சோபா, கம்பளம், ஜன்னலுக்கு வெளியே மரம் எல்லாம் வரைந்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். விரிசல் விட்ட சுவரும் படத்தில் வழவழப்பாகிவிடும். கலிஃபோர்னியா மாநிலம் இதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், வீட்டு விற்பனை விளம்பரத்தில் படத்தைக் கணினியில் மாற்றியிருந்தால் அதைத் தரகர் சொல்ல வேண்டும், மாற்றாத அசல் படத்தையும் பார்க்க வழி கொடுக்க வேண்டும். நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் விற்பனைக்கு என்று படம் போடும் உறுப்பினர்களும், அப்படி மாற்றிய படமாக இருந்தால், பக்கத்திலேயே அசல் படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.